வீட்டுக் கணினியும் நம் பிள்ளைகளும்: பூட்டும் வேண்டும், பேச்சும் வேண்டும்



2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கணினி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. கொரோனா காலத்தில் பாடமே இணையத்துக்கு மாறியது. இன்று கணினியை எடுத்து ஒளித்து வைத்தால் பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். அப்படியே திறந்து விட்டாலோ, வயதுக்கு ஒவ்வாத காட்சிகளும் முகம் தெரியாதவர்களின் நட்பும் வீட்டுக்குள் வந்துவிடும். இதற்கு நாம் செய்யக்கூடியவை நான்கு.

1. தனிக் கணக்கு: விண்டோஸ் கணினியில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். அது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்காக இருக்கக் கூடாது. 'ஸ்டாண்டர்ட்' கணக்காக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், கீழே சொல்லும் வடிகட்டியைப் பிள்ளையே நீக்கிவிடலாம்.

2. வடிகட்டி: இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியை எடுத்துத் தருவது டிஎன்எஸ் என்ற சேவை. ஆபாசத் தளங்களுக்கு முகவரி தர மறுக்கும் இலவச டிஎன்எஸ் சேவைகள் உண்டு. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் தொடங்கிய குடும்பச் சேவையின் எண்கள் 1.1.1.3 மற்றும் 1.0.0.3. இவற்றை வழக்கமாக மோடத்தில் பதிவார்கள். ஆனால் மலைப்பகுதியில் பெற்றோரின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் கணினி ஓடுகிறது என்றால், கணினியின் நெட்வொர்க் அமைப்பிலேயே பதிய வேண்டும். ஐபிவி6 பகுதியிலும் 2606:4700:4700::1113 என்று பதியுங்கள். அதை விட்டுவிட்டால் வடிகட்டியைத் தாண்டிப் போக வழி இருக்கும். கணினி தெரிந்த ஒருவர் உடனிருந்தால் பத்து நிமிட வேலை.

3. நேரம்: மைக்ரோசாஃப்டின் 'ஃபேமிலி சேஃப்டி' இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணி வரை என்று அதில் வரையறுக்கலாம். அதன் இணைய வடிகட்டி எட்ஜ் உலாவியில் மட்டுமே வேலை செய்யும்.

4. இடம்: கணினி கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். கதவைச் சாத்திய அறையில் வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ பிள்ளையிடம் யார் என்ன பேசுகிறார் என்பதை எந்த வடிகட்டியும் பார்ப்பதில்லை. நட்பாகப் பழகிப் படத்தை வாங்கி, பிறகு அதைக் காட்டி மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். "வீட்டில் சொன்னால் அடி விழும், கணினி போய்விடும்" என்ற பிள்ளையின் பயம்தான் அவர்களுடைய பலம். ஆகவே, "என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் சொல், உன்னைத் திட்ட மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

அப்படி ஏதும் நடந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. குழந்தைகள் உதவி எண் 1098. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பொதுவானது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த வார விடுமுறையில் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இந்த அமைப்புகளைச் செய்து முடியுங்கள்.