குழந்தைக்கு எப்படித் தெரியும் ஜீவனாம்ச பாக்கி?

குடும்ப நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, கையில் பொம்மையோடு குழந்தையைப் பார்க்க வருகிறார் அப்பா. "நான் வரல. நீதான் எங்களுக்குப் பணமே அனுப்பறதில்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது ஏழு வயசுக் குழந்தை. ஜீவனாம்ச பாக்கி விவரம் அதற்கு யார் சொல்லி வந்தது?

பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவர்மீது குழந்தைக்கு வெறுப்பை ஏற்றுவதை 'பேரன்டல் ஏலியனேஷன்' என்கிறார்கள். அப்பாக்களும் செய்கிறார்கள், அம்மாக்களும் செய்கிறார்கள். தாத்தா பாட்டி கூட்டுச் சேர்வதும் உண்டு. பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். போன் வரும் நேரத்தில் குழந்தை 'தூங்கிவிடும்'. சந்திப்பு நாளில் தவறாமல் காய்ச்சல் வரும்.

2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், சின்ன வயதிலிருந்தே அப்பாவிடம் வளர்ந்த சிறுமி அங்கேயே இருக்க விரும்பினாள். அம்மாவோடு வாழ்ந்து பார்க்க வாய்ப்பே கிடைக்காத குழந்தை இருவரையும் எப்படி ஒப்பிட முடியும் என்று யோசித்த நீதிமன்றம், ஒரு வருடமாவது அவள் அம்மாவிடம் இருக்கட்டும் என்றது. தீர்ப்பில் இந்தப் பிரச்சினை பெயர் சொல்லியே பேசப்பட்டது.

ஆனால் இந்தப் பெயரை ஆயுதமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985-ல் இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக முன்வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் இன்றுவரை அதை ஏற்கவில்லை. அடி உதைக்குப் பயந்து குழந்தையோடு வெளியேறிய பெண்கள்மீதே இந்தப் பழி திருப்பிவிடப்படுவதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023-ல் எச்சரித்தார். குழந்தை விலகுவதற்கு அதன் கண்ணெதிரே நடந்த வன்முறையும் காரணமாக இருக்கலாம் அல்லவா? 2024-ல் உச்ச நீதிமன்றமும், குறிப்பிட்ட சம்பவங்களைச் சுட்டாமல் அவசரப்பட்டு யார்மீதும் இந்த முத்திரையைக் குத்தக்கூடாது என்றது.

ஆகவே "மனசைக் கெடுத்துட்டாங்க" என்று மனுவில் எழுதினால் மட்டும் போதாது. எந்தத் தேதியில் சந்திப்பு தடைபட்டது, என்ன காரணம் சொன்னார்கள், போனில் குழந்தை என்ன பேசியது என்று அன்றன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கக்கூடாது. முக்கியமாக, தாமதிக்கக்கூடாது. பார்க்காமலே மாதங்கள் ஓடினால், குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கமே காற்று வீசும்.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம். எந்த வயதானாலும் குழந்தையின் நலன்தான் முதலில். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலச் சந்திப்பு கேட்கலாம்; நேரில் பார்க்க முடியாவிட்டால் தினமும் சில நிமிட வீடியோ அழைப்பையாவது கேட்கலாம். அதன் அவசியத்தை 2020-ல் உச்ச நீதிமன்றமே வலியுறுத்தியிருக்கிறது. உத்தரவை மீறினால் நிறைவேற்று மனு, அவமதிப்பு வழக்கு என்று வழிகள் உண்டு. பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் ஜீவனாம்சத்தை நிறுத்துவது சொந்த வழக்குக்குத் தானே குழி வெட்டுவது. பள்ளி வாசலிலிருந்து குழந்தையைத் தூக்கிவருவதும் அப்படித்தான்.

வன்முறைக்கு ஆளான பெண், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்றால் நடுவர் (மாஜிஸ்திரேட்) அதை மறுக்கவும் முடியும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். இலவச உதவிக்குப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.