மூன்றாம் படிவத்திலேயே முடிவெடுக்க வேண்டும்: தொழிற்திறன் கல்வி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம். முடிவு கைக்கு வந்த பிறகுதான் “அடுத்து என்ன?” என்ற கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகிறது. முடிவு எதிர்பார்த்தபடி இல்லையென்றால், லோரி உதவியாளர், பாதுகாவலர், கடை உதவியாளர் என்று கிடைத்த வேலையில் பிள்ளை சேர்ந்துவிடுகிறது. ஆனால் நம் நாட்டுக் கல்வி முறையில் அந்தக் கேள்விக்கான நேரம் ஈராண்டுகளுக்கு முன்பே, மூன்றாம் படிவத்தின் இறுதியிலேயே வந்துவிடுகிறது.

முன்பு பி.எம்.ஆர்., பிறகு பி.டி.3 என்று மூன்றாம் படிவத்தில் ஒரு பொதுத் தேர்வு இருந்தது. தேர்வு முடிவைப் பார்த்த பெற்றோர், பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்று ஆசிரியரிடம் கேட்பார்கள். 2022இல் பி.டி.3 அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டாலும், நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது, எந்தப் பள்ளியில் தொடர்வது என்ற முடிவு அப்படியேதான் இருக்கிறது. அதை நினைவூட்ட வீட்டில் மணி அடிப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

முதல் மூன்று ஆண்டுகள் காட்டும் அறிகுறி

முதல் படிவம் முதல் மூன்றாம் படிவம் வரை மாணவர்கள் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் அல்லது அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தைப் படிக்கின்றனர். மலாயில் ஆர்.பி.டி., ஏ.எஸ்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பாடங்களைப் பல பெற்றோர் பொருட்படுத்துவதில்லை. மலாய், கணிதம், அறிவியல் புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கைப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பிள்ளை எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை இப்பாடங்கள்தான் முதலில் காட்டும். வரைபடம் போடுவதா, மின்சுற்றைப் பொருத்துவதா, கணினி நிரல் எழுதுவதா என்று கவனிக்க மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

அதே பள்ளியில் இருந்தபடி

தொழிற்திறன் கல்வி என்றால் பள்ளியை விட்டு விலக வேண்டும் என்பதில்லை. வழக்கமான இடைநிலைப்பள்ளிகள் சிலவற்றில் எம்.பி.வி. எனப்படும் தொழில்சார் பாடங்கள் உள்ளன. வீட்டு மின்கம்பி பொருத்துதல், குழாய் வேலை, வாகனப் பராமரிப்பு, வெல்டிங், உணவு தயாரிப்பு, பாலர் பராமரிப்பு, கணினி வரைகலை போன்றவை இதில் அடங்கும். இவை எஸ்.பி.எம். பாடமாகவே கணக்கிடப்படுகின்றன. செய்முறை வேலைக்கு அதிகப் புள்ளிகள் உண்டு என்பதால், எழுத்துத் தேர்வில் தடுமாறும் மாணவருக்கு இது கைகொடுக்கும்.

மற்றொன்று பி.வி.எம்.ஏ. எனப்படும் மேல்நிலைத் தொழிற்கல்வித் திட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் மட்டுமே நடக்கும் இத்திட்டத்தில் மாணவர் எஸ்.பி.எம். எழுதுவதுடன் மலேசியத் திறன் சான்றிதழுக்கும் தகுதி பெறலாம்.

பொறியியல் பட்டப்படிப்பை நோக்கமாகக் கொண்ட பிள்ளைக்கு வேறு கணக்கு. அவர் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிடக் கூடாது. தொழில்சார் பாடங்களை எடுத்த பின் மருத்துவம், தூய அறிவியல் போன்ற துறைகளுக்குத் திரும்புவது கடினம். இதையும் தெரிந்துகொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும்.

தொழிற்கல்லூரி எப்படிப்பட்டது?

கோலேஜ் வோகாசியோனல் எனப்படும் தொழிற்கல்லூரிகள் கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. பழைய தொழிற்கல்விப் பள்ளிகள் 2012 முதல் படிப்படியாகக் கல்லூரிகளாக மாற்றப்பட்டன. மூன்றாம் படிவம் முடித்தவர்கள் இங்கு சேர்கிறார்கள். முதல் ஈராண்டு மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ், தகுதி பெறுவோருக்கு அடுத்த ஈராண்டு டிப்ளோமா என மொத்தம் நான்கு ஆண்டுகள். இடைநிலைப்பள்ளி நண்பர் எஸ்.பி.எம். முடித்து வேறு படிப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில், இவர் டிப்ளோமாவுக்குப் பாதி வழி வந்திருப்பார்.

வாகனத் தொழில்நுட்பம், மின்சாரம், மின்னணு, குளிரூட்டிச் சாதனம், வெல்டிங், கட்டுமானம் மட்டுமின்றி, கணக்கியல், சமையற்கலை, ரொட்டி தயாரிப்பு, ஆடை வடிவமைப்பு, கணினி அமைப்பு, அசைவூட்டம், பாலர் கல்வி, விவசாயம் எனத் துறைகள் பல. ஆகவே இது “ஆண் பிள்ளைகளுக்கான பட்டறை வேலை” என்ற எண்ணம் தவறு. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாத் துறைகளும் இல்லை. எந்தக் கல்லூரியில் எந்தத் துறை என்று பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இணையம் வழி. நேர்முகத் தேர்வும் உண்டு. மின்சாரம் போன்ற துறைகளுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது என்பதால், கண் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

தோட்டப்புறக் குடும்பங்களுக்குத் தூரம் ஒரு தடை. பதினாறு வயதுப் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்குவது இயல்பே. பெரும்பாலான தொழிற்கல்லூரிகளில் தங்கும் விடுதி இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் செல்லும்போதே விடுதி, உணவு, போக்குவரத்து பற்றி நேரில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சான்றிதழின் படிநிலை

தொழிற்திறன் துறையில் எஸ்.கே.எம். என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டுத் தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இதை வழங்குகிறது. நிலை 1, 2, 3 வரை திறன் சான்றிதழ். நிலை 4 திறன் டிப்ளோமா. நிலை 5 உயர்நிலைத் திறன் டிப்ளோமா. “என் மகன் கோர்ஸ் முடித்துவிட்டான்” என்பதைவிட “எந்த நிலை?” என்ற கேள்விதான் வேலைக்கு எடுப்பவருக்கு முக்கியம். நிலை 1இல் நின்றுவிடுபவர் உதவியாளர். நிலை 3 வரை ஏறுபவர் மேற்பார்வை செய்யவும் தகுதியானவர்.

சில வேலைகளுக்குத் தனி உரிமமும் வேண்டும். மின்கம்பி பொருத்தும் வேலையில் பொறுப்பேற்றுக் கையொப்பமிட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை. பத்து வருடம் வயரிங் செய்தவரும் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்னொருவரின் கீழ் கூலிக்கு வேலை செய்பவராகவே இருக்க நேரிடும்.

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு

மூன்றாம் படிவத்தில் தவறவிட்டவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பொலிடெக்னிக் முதல் இன்று நாடு முழுவதும் உள்ள பொலிடெக்னிக்குகள் டிப்ளோமா வழங்குகின்றன. சமூகக் கல்லூரிகள் சான்றிதழ் படிப்புகளை நடத்துகின்றன. மனிதவளத் துறையின் அட்டெக் கழகங்கள் திறன் சான்றிதழ்களையும் டிப்ளோமாவையும் வழங்குகின்றன. எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் பெரும்பகுதி தொழிற்சாலையிலும் எஞ்சியது பயிற்சி மையத்திலும் நடக்கும்.

பட்டப்படிப்புக்கும் இங்கிருந்து வழி உண்டு. துன் உசேன் ஓன், மலாக்கா தொழில்நுட்பம், பெர்லிஸ், பகாங் அல்-சுல்தான் அப்துல்லா ஆகிய நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் தகுந்த புள்ளி பெற்ற டிப்ளோமாதாரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன.

கவனம் தேவைப்படும் மூன்று இடங்கள்

முதலாவது, மலாய்மொழியும் வரலாறும். இவ்விரண்டிலும் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தொழிற்கல்லூரி மாணவர்களும் இவ்விரு பாடங்களைத் தேர்வாக எழுதுகின்றனர். “கைத்தொழில்தானே, மலாய் எதற்கு?” என்று விட்டுவிட்டால் அரசாங்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் அதுவே தடையாகிவிடும்.

இரண்டாவது, அங்கீகாரம். “உடனே சேரலாம், கடன் ஏற்பாடு செய்து தருகிறோம்” என்று சொல்லும் தனியார் மையங்கள் எல்லாம் அங்கீகாரம் பெற்றவை அல்ல. அந்த மையத்துக்கு மட்டுமின்றி, அங்கு நடக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும், குறிப்பிட்ட நிலைக்கும் அங்கீகாரம் உண்டா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்க வேண்டும். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. படிப்பு பாதியில் நின்றாலும் கடன் நிற்காது.

மூன்றாவது, ஆவணம். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறு, பெற்றோர் திருமணப் பதிவு இல்லாதது, மைகார்ட் எடுக்காதது போன்ற சிக்கல்கள் விண்ணப்ப நேரத்தில்தான் தெரியவருகின்றன. பன்னிரண்டு வயதில் மைகார்ட் எடுக்கும்போதே இவற்றைத் தேசியப் பதிவுத் துறையில் சரிசெய்யத் தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்

பள்ளியைப் பாதியில் விட்டு, பட்டறையிலோ கட்டுமானத் தளத்திலோ தொழில் கற்ற அண்ணன்மார் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு பி.பி.டி. எனப்படும் முன்அனுபவ அங்கீகார முறை இருக்கிறது. வகுப்பில் மறுபடி உட்காராமலே, செய்த வேலைக்கான படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு போன்ற சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் திறன் சான்றிதழ் பெறலாம்.

பிள்ளை இப்போது மூன்றாம் படிவத்தில் இருந்தால், ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைச் சந்திப்பதே முதல் வேலை. கேட்க வேண்டியவை நான்கு: இந்தப் பள்ளியில் தொழில்சார் பாடம் உண்டா, அருகில் எந்தத் தொழிற்கல்லூரியில் பிள்ளைக்குப் பிடித்த துறை இருக்கிறது, விண்ணப்பம் எப்போது திறக்கும், எப்போது மூடும்? பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் பட்டறையில் நிற்கப்போவது பிள்ளைதான் என்பதால், அதன் விருப்பத்தைக் கேட்காமல் எடுக்கும் முடிவு நிலைக்காது.