மேலே வெள்ளை பெயிண்ட், உள்ளே துரு

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்ச ராத்திரி, திருவொற்றியூர்ல எங்க வீட்டு ஹால்ல நாலு பக்கெட் வெச்சோம். அதோட முடிஞ்சதுன்னு நினைச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு, அப்பா வழக்கமா படுக்கிற இடத்துல ஒரு பெரிய காரைத் துண்டு பேந்து விழுந்துச்சு. நல்லவேளை, அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அதுக்கு முன்னாடியே மாடி முழுக்க ரெண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிருந்தோம். வீண் செலவு. எங்க மாடியில வாட்டமே சரியில்ல. தண்ணி குழாய்ப் பக்கம் ஓடாம மூலையில தேங்குது. கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற இடத்துல விரிசல். சொட்டுற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும்னு தேடாதீங்க. தண்ணி தட்டோட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து எங்கேயோ போய் இறங்கும். வெயில் காலத்துலயும் ஒழுகினா மழையைத் திட்டாதீங்க, டேங்கையும் பாத்ரூம் குழாயையும் பாருங்க.

நம்ம ஏரியாவுக்குன்னு இருக்கிற வில்லன் உப்புக்காத்து. கான்கிரீட்டோட காரத்தன்மைதான் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்காம காப்பாத்துது. உப்புல இருக்கிற குளோரைடு, ஈரத்தோட உள்ளே இறங்கி அந்தக் காவலை உடைக்குது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால கான்கிரீட்டைக் கீழே தள்ளும். கடலோரக் கட்டடத்துல கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கணும்ங்குது ஐ.எஸ். 456 விதி. எங்க வீட்ல ஸ்கேல் வெச்சு அளந்தேன்: 12.

ராயபுரத்துப் பழைய வீடுகள் கதை வேற. அது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், குத்துவாட்டில் அடுக்கின செங்கல், மேலே சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு. அங்கே கம்பியே கிடையாது. ஆனா சுவர் இடுக்குல முளைக்கிற அரசங்கன்னு ஒண்ணு போதும். ஒழுகுதேன்னு மேலே சிமெண்ட் பூசினா, ஈரம் வெளியேற வழியில்லாம மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிங்க.

கான்கிரீட் வீடுன்னா, சுத்தியலால சீலிங்கை லேசா தட்டிப் பாருங்க. பொத்தல் சத்தம் கேட்டா அந்த இடம் விட்டுப்போச்சு. பேந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருப்போகத் தேய்ச்சு, அப்புறம்தான் பூசணும். கம்பி பாதி கரைஞ்சிருந்தா இன்ஜினியரைக் கூப்பிடுங்க. எங்க வீட்டுக்கு அடுத்த வாரம் வர்றார். அதுவரைக்கும் அப்பாவுக்குப் படுக்கை வாசல் ரூம்ல.