புதுக் கணினி வாங்கும் முன்: சாவி யார் கணக்கில்?

2025 ஓணம் தள்ளுபடியில் லேப்டாப் வாங்கியவர்கள், வாங்காமல் காத்திருந்தவர்கள் என இரு தரப்பிலிருந்தும் ஒரே கேள்வி வந்து குவிந்தது. 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10 ஓடாதாமே, வீட்டிலுள்ள கணினியை மாற்றித்தான் ஆக வேண்டுமா? மறுநாள் காலை திரையே வராது என்று கடையில் சொன்னதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

திரை வரும். கணினியும் வேலை செய்யும். மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் அன்றோடு நின்றன. இதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் ‘ஆதரவு முடிவு’. 2015-இல் விற்ற பொருளில் இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க மாட்டோம் என்பதே அதன் பொருள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துவைத்தால் இலவசம். அவர்களுடைய வெகுமதிப் புள்ளிகள் 1,000 இருந்தாலும் போதும். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

விண்டோஸ் 11-க்கு மாறத் தடையாக இருப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. மற்றொன்று, அனுமதிக்கப்பட்ட ப்ராசஸர்களின் பட்டியல். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். பாதுகாப்பும் நம்பகத்தன்மையுமே காரணம் என்கிறது நிறுவனம். ஆனால் 2016 ஜூலைக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 கணினிகளில் டி.பி.எம். 2.0 இருந்தாக வேண்டும் என்று விதித்ததும் அதே நிறுவனம்தான். எனவே 2017-இல் வாங்கிய பல கணினிகளில் சில்லு இருக்கிறது. ஏழாம் தலைமுறை ப்ராசஸர் என்பதால் மட்டுமே அனுமதி இல்லை. இந்த ஏழாம் தலைமுறையிலும் ஐ7-7820எச்க்யூ என்ற ஒன்றுக்கு 2021 ஆகஸ்டில் விலக்குக் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்தது அந்த ப்ராசஸர். பாதுகாப்பு மட்டுமே எல்லைக்கோட்டை வரைந்திருந்தால் இந்த விலக்குக்கு இடமிருந்திருக்காது.

சில்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் வடிவமைப்பில் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கவலைப்பட வேண்டியதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கணினியை இயக்கியதும் ஒரு நிரல் அடுத்த நிரலை எழுப்புகிறது, அது அதற்கடுத்ததை. ஒவ்வொன்றும் எழுப்பப்படும் முன் அதன் கணிதக் கைரேகை எடுக்கப்பட்டு, டி.பி.எம். சில்லுக்குள் உள்ள பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் நினைத்ததை எழுத முடியாது. ஏற்கெனவே உள்ள எண்ணையும் புதிய கைரேகையையும் கலந்து கணக்கிட்டு வருவதே அடுத்த எண். குழம்பில் போட்ட உப்பு மாதிரி, சேர்க்கலாம், எடுக்க முடியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமானால் கணினியை மறுதொடக்கம் செய்துதான் ஆக வேண்டும். இடையில் ஒரு நிரலை யாராவது மாற்றியிருந்தால் கடைசியில் வரும் எண் வேறாகிவிடும்.

உங்கள் வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டிய சாவி இந்தச் சில்லிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். பதிவேட்டு எண் சரியாக இருந்தால் மட்டுமே அது சாவியைத் தரும். திருடன் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அருமையான ஏற்பாடு.

ஆனால் சர்வீஸ் சென்டர் உங்கள் மதர்போர்டை மாற்றும்போதும் சில்லுக்குத் தெரிவது அதேதான். துலாவருஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் போர்டு கருகிப்போவது கேரளத்தில் நடக்காத கதையல்ல. புதிய போர்டில் புதிய சில்லு. அதனிடம் பழைய சாவி இல்லை. திரை நீலமாகி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் கல்யாண வீடியோவும் கடைக் கணக்கும் வட்டிலேயே இருந்தும் இல்லாதவைதான். எந்த டெக்னீஷியனாலும் மீட்க முடியாது.

எனக்குக் கவலை தருவது, இந்தப் பூட்டு சொல்லாமலே விழுந்துவிடுகிறது என்பதுதான். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11-இல், ஹோம் பதிப்பு உட்பட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் வட்டுக் குறியாக்கம் பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்குகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. யாருடைய கணக்கு? வாடிக்கையாளருக்கு நேரமில்லை என்று கடைப் பையன் அந்த நிமிடத்தில் தொடங்கி, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த கணக்காக அது இருக்கலாம். மூன்று வருடம் கழித்து அந்தச் சீட்டும் இருக்காது, பையனும் அங்கே இருக்க மாட்டான்.

ஆகவே வாங்கும் அன்று, ப்ராசஸர் வேகத்தை விசாரிக்கும் முன், கணக்கை உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் செல்பேசி எண்ணிலும் நீங்களே தொடங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அமைப்புகளில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ என்ற பகுதியில் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்பு எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்து, காகிதத்தில் எழுதி, ஆதாரப் பத்திரங்களோடு வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே செய்யலாம். இதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு விற்பவருக்கும் தயாரிப்பவருக்கும் இருக்கிறது, அவர்கள் செய்யவில்லை.

பழைய கணினியை வைத்துக்கொள்ள விரும்புவோருக்குக் கேரளத்திலேயே ஒரு வழி இருக்கிறது. திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள, கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்காகத் தொகுத்த கைட் குனு/லினக்ஸ் 22.04 என்ற இயங்குதளம் இலவசம், எட்டாம் தலைமுறை வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு இல்லை. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் ஐ.சி.டி. (தகவல் தொழில்நுட்ப) பாடம் படிப்பதே லினக்ஸில்தான். தமிழ்வழிப் பிள்ளைகளும் அப்படித்தான். இதனால் அரசுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் சொல்லப்பட்டதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். 2 லட்சம் கணினிகளுக்குத் தலா ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எந்தப் பள்ளியும் அவ்வளவு கொடுத்து வாங்கியிருக்காது. மிச்சம் உண்மை, தொகை ஊதியது. லினக்ஸுக்கும் கெடு உண்டு: இதன் அடிப்படையான உபுண்டு 22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரைதான். அதற்குள் கைட் அடுத்த பதிப்பைத் தர வேண்டும்.

மற்ற கேள்விகள்:

நிறுவனங்கள் கழித்த பழைய லேப்டாப் வாங்கலாமா? ஐ5-7200யூ என்றால் கோடுக்குப் பின்னுள்ள 7-ஐப் பார்த்து விலகுங்கள்; ஐ5-8250யூ என்றால் வாங்கலாம்.

2025 செப்டம்பர் 22 ஜி.எஸ்.டி. மாற்றத்தில் லேப்டாப் விலை குறைந்ததா? இல்லை, முன்பும் 18 சதவீதம், இப்போதும் 18.

எத்தனை ஜி.பி. ராம்? 16, போர்டோடு பற்றவைத்த 8 என்றால் பிறகு கூட்ட முடியாது.

‘ஏஐ லேப்டாப்’ தேவையா? அதிலுள்ள ஏஐ சில்லைப் பயன்படுத்தும் மென்பொருள் எது என்று கடையில் கேளுங்கள். நீங்கள் பயன்படுத்தாத மென்பொருள் என்றால் தேவையில்லை.

கேரளத்தின் சொந்தத் தயாரிப்பான கோகோனிக்ஸ் லேப்டாப்? வித்யாஸ்ரீ திட்டத்தில் 2021-இல் மாணவர்களுக்குக் கொடுத்தவற்றில் சில இயங்கவில்லை என்று புகார் எழுந்தது. எது வாங்கினாலும் கடையிலேயே இயக்கிப் பார்த்து, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

பழையதைக் குப்பையில் போடலாமா? மின்கழிவை உள்ளாட்சியின் கழிவு சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள். அதற்கு முன் வட்டை அழித்துவிடுங்கள், 2017 கணினியில் அது பூட்டப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.