லினாக்ளோடைடு

லினாக்ளோடைடு என்பது நாட்பட்ட மலச்சிக்கலுக்கு மருத்துவரின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படும் மருந்தாகும். மலச்சிக்கலுடன் கூடிய எரிச்சலுறும் குடல் நோய்க்குறிக்கும் இது பயன்படுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவில் 'லின்செஸ்' என்றும், ஐரோப்பாவில் 'கான்ஸ்டெல்லா' என்றும் இதன் வணிகப் பெயர்கள் அமைந்துள்ளன.

செயல்படும் விதம்

இம்மருந்து 14 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத்துணுக்கு ஆகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் எசரிக்கியா கோலை பாக்டீரியாவின் நச்சு ஒன்றை ஒத்த அமைப்புடையது. அந்த நச்சு, குடலின் உட்சுவரில் உள்ள 'குவானிலேட் சைக்ளேஸ் சி' என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. லினாக்ளோடைடும் அதே ஏற்பியையே தூண்டுகிறது. இதனால் குளோரைடு, பைகார்பனேட் அயனிகள் குடலுக்குள் சுரக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் சேர்கிறது. மலம் இளகி எளிதில் வெளியேறுகிறது. மருந்து குடலிலேயே செயல்படுவதால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது.

உட்கொள்ளும் முறை

இது கேப்சூல் வடிவில் 72, 145, 290 மைக்ரோகிராம் அளவுகளில் கிடைக்கிறது. நாளுக்கு ஒரு முறை, முதல் உணவுக்குக் குறைந்தது 30 நிமிடங்களுக்கு முன், வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவுடன் உட்கொண்டால் மலம் மேலும் நீர்த்துப் போகக்கூடும்.

பக்கவிளைவுகள்

வயிற்றுப்போக்கே மிகுதியாகக் காணப்படும் பக்கவிளைவு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. மலத்தை இளக்கும் அதே செயல் எல்லை மீறும்போது இது நேர்கிறது. வயிற்றுவலி, வாயுத்தொல்லை, வயிற்று உப்புசம் ஆகியவையும் ஏற்படலாம். வயிற்றுப்போக்கு கடுமையானால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும்.

எச்சரிக்கை

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுக்கவே கூடாது. விலங்கு ஆய்வில், பிறந்து சில நாட்களேயான எலிக்குட்டிகள் இம்மருந்தால் நீரிழப்பு ஏற்பட்டு இறந்தன. இதனால் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற்றுள்ளது. 6 முதல் 17 வயது வரையிலானோரின் மலச்சிக்கலுக்கு 72 மைக்ரோகிராம் அளவில் கொடுக்க 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. குடல் அடைப்பு உள்ளவர்களும் இதனை உட்கொள்ளக் கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவர் இதை உட்கொண்டு வந்தால், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது இன்றியமையாதது.