தாத்தாவின் கேமராவில் வலை பின்னியது யார்?

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா காலத்துக் கேமரா ஒன்று தோல் உறைக்குள் உறங்குகிறதா? அதை வெளியே எடுத்து, வில்லையின் (லென்ஸ்) மீது கைவிளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால், அது சிலந்தியின் வேலை அன்று, பூஞ்சையின் வேலை!

பெரிய படத்தின் பலம்

அக்காலப் புகைப்படக்காரர்கள் பலர் ‘மீடியம் ஃபார்மட்’ கேமராக்களை விரும்பினர். ஜெர்மனியில் 1929இல் அறிமுகமான ரோலைஃபிளெக்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. அதில் இரண்டு வில்லைகள் உண்டு. மேலுள்ளது நாம் பார்ப்பதற்கு. கீழுள்ளது படம் பிடிப்பதற்கு. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் பயன்படுத்திய ஹாசல்பிளாட்டும் மீடியம் ஃபார்மட் கேமராதான்.

இவ்வகையில் எடுக்கும் சதுரப் படம் ஒன்றின் பக்கம் சுமார் 56 மில்லிமீட்டர். சாதாரண 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு படத்தின் அளவு 24 x 36 மில்லிமீட்டர். பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 3.6 மடங்கு வேறுபாடு! அதனால்தான் பெரிதாக்கினாலும் படம் தெளிவாக இருக்கிறது.

பூஞ்சை எப்படி நுழைகிறது?

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வில்லையில் படிந்த தூசும் விரல்ரேகை எண்ணெயும் அவற்றுக்கு உணவு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், பூட்டிய அலமாரி பூஞ்சைக்குச் சொகுசு வீடாகிறது.

பூஞ்சை வெளியிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரிக்கும். நாளடைவில் கண்ணாடியையும் விடாது. அந்நிலையில் பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் வடு மாறாது. படங்கள் மங்கலாகவே விழும். தொடக்கத்திலேயே கவனித்தால் பழுதுபார்ப்பவர் காப்பாற்றிவிடலாம்.

காப்பது எளிது. தோல் உறையை நீக்கி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஈரப்பதமானி 40 முதல் 50 விழுக்காடு காட்டினால் போதும்.

மூடுகதவின் வேகம் சரியா?

முதலில் ஓர் எச்சரிக்கை. கேமராவின் பின்கதவை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். உள்ளே கழுவாத படச்சுருள் இருக்கலாம். சுருளிலுள்ள வெள்ளி உப்புப் படிகங்கள் ஒளிபட்டால் மாற்றமடையும். தாத்தா எடுத்த படங்கள் ஒரு நொடியில் பாழாகிவிடும். பின்புறத்தில் சிவப்புச் சாளரம் இருந்து, அதில் எண் தெரிந்தால் சுருள் உள்ளது என்று பொருள். ஐயமிருந்தால் புகைப்படக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சுருள் இல்லை என்பது உறுதியானால் ஒரு சோதனை செய்யலாம். பின்கதவைத் திறந்து, வேகத்தை 30இல் (வினாடியில் 30இல் ஒரு பங்கு) வைத்து, வில்லை வழியாக வரும் ஒளியைக் கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் பதிவு செய்யுங்கள். கைப்பேசி வினாடிக்கு 240 சட்டங்கள் பதிவு செய்தால், ஏறத்தாழ 8 சட்டங்களில் ஒளி தெரிய வேண்டும். 12 சட்டங்களில் தெரிந்தால்? மூடுகதவு ஒன்றரை மடங்கு நேரம் திறந்திருக்கிறது. பழைய எண்ணெய் பிசினாக இறுகி, அதன் இயக்கத்தைத் தாமதப்படுத்துகிறது.

அந்நிலையில் திருகாணிகளைக் கழற்றி நீங்களே முயல வேண்டாம். சோதனையில் கிடைத்த எண்களை எழுதிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மருத்துவரிடம் காய்ச்சலின் அளவைச் சொல்வதுபோல அது அவருக்கு உதவும். தாத்தாவின் கேமரா உங்கள் கையால் மீண்டும் ஒரு படம் எடுக்கட்டுமே!