ஸ்ரீராம்புரத்துக்கு இரண்டு எண்வரிசை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘எங்கள் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் முகவரியிலும் அதே பெயர்தான் இருக்கிறது, எழுத்துப்பிழையும் இல்லை. ஏன்?’

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு துணைக்குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘ஸ்ரீராம்புரம்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 13 எண். முதல் எழுத்துக்கு மட்டும் நான்கு: ஸ 3000, புள்ளி 3021, ர 2992, ஈகாரக் குறி 3008. எழுத்துரு இந்த நான்கையும் சேர்த்து ஒற்றை வடிவமாக வரைந்துவிடுகிறது. முதல் எண்ணை 2998 என்று மாற்றினாலும் பெரும்பாலான திரைகளில் அதே வடிவம்தான் வரும். 2998 என்பது ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து. தேடும் நிரலோ வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்களைத்தான் ஒப்பிடுகிறது. முதல் எண் மாறியதுமே வேறு ஊர் என்று ஒதுக்கிவிடுகிறது.

வரலாறு சுருக்கமானது. இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையை ஒட்டி 1991இல் யூனிகோடின் தமிழ்ப் பகுதி அமைந்தது. ‘ஶ’ அதில் சேர்ந்தது 2005இல்தான். அதுவரை ‘ஸ’வை வைத்துத்தான் ஸ்ரீ எழுத முடிந்தது.

அழகெல்லாம் அந்த அமைப்பில் இருக்கிறது. இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத் தமிழ், அதன்மேல் தெலுங்கு, அதன்மேல் கன்னடம். தட்டுக்கு 128 குழி. ஓர் ஒலிக்கு எந்தத் தட்டிலும் ஒரே குழிதான். தமிழ் ‘க’ 2965. இரண்டு தட்டு ஏறினால், அதாவது 256 கூட்டினால், 3221. அது கன்னட ‘க’. தமிழுக்கு வேண்டாத ஒலிகளின் குழிகளில் மாவு ஊற்றவில்லை. ‘க’வை அடுத்த மூன்று குழிகள் இன்றும் காலி. 2998ஆம் குழியும் அப்படித்தான் கிடந்தது. பசியோடு வந்த பந்தி இரண்டு குழி தள்ளி வெந்திருந்த இட்லியை எடுத்துக்கொண்டது. 14 ஆண்டு கழித்து உரிய குழியில் மாவு ஊற்றியபோது முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தே போய்விட்டது.

கன்னடத்தில் இந்த ஊர்ப்பெயர் தொடங்குவது 3254இல். தமிழின் 2998உடன் 256 கூட்டினால் சரியாக அங்கே போய் நிற்கும். 3000உடன் கூட்டினால் வருவது 3256. கன்னடத்தில் ஊர்ப்பெயரை அப்படி எழுதினால் பிழை.

ஒவ்வோர் எழுத்துக்கும் முழுசாக ஒரே எண் கொடுத்திருந்தால் தொல்லையே இராது என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பழங்குடி மொழியான செரோக்கிக்கு 1999இல் அப்படித்தான் கொடுத்தார்கள்: 85 அசையெழுத்து, 85 எண். 2015இல் சிற்றெழுத்துகள் சேர்ந்தன. ஓர் அசைக்கு இரண்டு எண் ஆயிற்று. ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் பேரெழுத்தைச் சிற்றெழுத்தாக்குவார்கள். பழைய உரைகள் குலையக் கூடாதே என்று செரோக்கிக்கு மட்டும் அதைத் தலைகீழாக்க வேண்டியதாயிற்று. எந்த அட்டவணையும் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை.

இரண்டு ஸ்ரீயையும் சமமாகக் கொள்ளுங்கள் என்று யூனிகோடு தரநூலே பரிந்துரைக்கிறது. செய்ய வேண்டியவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள். சில வரி நிரல் போதும். செயற்கை நுண்ணறிவுத் தமிழ்த் தேடல் என்று யார் விற்க வந்தாலும் முதலில் இந்தச் சோதனையை வையுங்கள். ஸ்ரீக்குப் பின்னால் நின்று அழிப்பு விசையை ஒவ்வொன்றாக அழுத்தினால், பெரும்பாலான கருவிகளில், கடைசியில் மிஞ்சுவது ‘ஸ’வா ‘ஶ’வா என்று தெரிந்துவிடும். இரண்டையும் தட்டித் தேடச் சொல்லுங்கள். ஒரே விடை வராவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

வாசகருக்கு உடனடி வழி: தேடலில் சிக்காத ஒருவரின் முகவரியிலிருந்து ஊர்ப்பெயரை நகலெடுத்து, அதையே ஒட்டித் தேடுங்கள். மீதிப் பேரும் வந்துவிடுவார்கள். பிறகு பட்டியல் முழுவதையும் ஏதாவது ஒரு ஸ்ரீக்கு மாற்றிவிடுங்கள்.